சுற்றிலும் எரிமலை, நடுவில் தலைநகரம்: சான் சால்வடோரில் இருந்து ஒரே நாளில் எங்கெல்லாம் போகலாம்?

காலையில் கிளம்பி ஓர் எரிமலையின் வாயை எட்டிப் பார்க்கலாம். மதியம், சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு சாம்பலில் புதைந்த கிராமத்தைச் சுற்றலாம். இரவுச் சாப்பாட்டுக்கு நகரத்துக்கே திரும்பிவிடலாம். இப்படியொரு வசதி உள்ள தலைநகரங்கள் உலகில் குறைவு. எல் சால்வடோர் நாட்டின் தலைநகரான சான் சால்வடோர் அவற்றில் ஒன்று.

மத்திய அமெரிக்காவிலேயே மிகச் சிறிய நாடு இது. மொத்தப் பரப்பே சுமார் 21,000 சதுர கி.மீ.தான். அதனால் முக்கியமான இடங்கள் பலவும் தலைநகரில் இருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும். ஆனால் இந்த இடங்களைத் தனித்தனி ‘ஸ்பாட்’ என்று பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ஏரி, கோயில் மேடு, கிராமம், காபித் தோட்டம் என எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள்: எரிமலை!

‘தூளிப் பள்ளத்தாக்கு’ என்று ஏன் பெயர்?

சான் சால்வடோர் இருக்கும் பள்ளத்தாக்குக்கு ஸ்பானிய மொழியில் ‘தூளிகளின் பள்ளத்தாக்கு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தூளி ஆடுவதுபோல நிலம் அடிக்கடி ஆடும் என்பதால் வந்த பெயர் இது. 1986 அக்டோபரில் வந்த நிலநடுக்கம் நகரின் மையப் பகுதியைச் சிதைத்தது. 2001 ஜனவரியில் வந்த இன்னொரு நிலநடுக்கத்தில், பக்கத்து ஊரான சாந்தா டெக்லாவில் மலைச்சரிவு அப்படியே சரிந்து ஒரு குடியிருப்பையே மூடியது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

எரிமலை வாய்க்கு மேலே நடை: எல் பொகெரோன்

நகரத்துக்கு மிக அருகில் இருப்பது சான் சால்வடோர் எரிமலைதான். அதன் உச்சியில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் எல் பொகெரோன் தேசியப் பூங்கா இருக்கிறது. கார் கிட்டத்தட்ட வாசல் வரை போகும். கொஞ்சம் நடந்தால் போதும், ஒன்றரை கி.மீ. அகலமுள்ள பள்ளம் கண்முன் விரியும்.

அந்தப் பள்ளத்தின் அடியில் சின்னதாக ஒரு கூம்பு தெரியும். 1917 வரை அங்கே ஓர் ஏரி இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் எரிமலை வெடித்தபோது ஏரித் தண்ணீர் முழுக்கக் கொதித்து ஆவியாகிவிட்டது. ஏரி இருந்த இடத்தில் முளைத்ததுதான் இந்தக் குட்டிக் கூம்பு.

இதே எரிமலையின் பக்கவாட்டில் 1658இல் இன்னொரு வெடிப்பு நிகழ்ந்தது. நெஹாப்பா என்ற ஊர் மக்கள் வீடுவாசலை விட்டு ஓடி, வேறு இடத்தில் குடியேறினார்கள். அதன் நினைவாக நெஹாப்பாவில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31 இரவு இளைஞர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, எரியும் துணிப் பந்துகளை ஒருவர் மேல் ஒருவர் வீசுவார்கள். பார்க்கப் போனால் தள்ளி நின்று பார்ப்பது நல்லது!

பாய் விரிப்பதற்கு முன் புதைந்த கிராமம்: ஹோயா தே செரேன்

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இங்கே போங்கள். நகரத்தில் இருந்து வடமேற்கில் சுமார் 35 கி.மீ.

1976இல் தானியக் கிடங்கு கட்டுவதற்காக மண் தள்ளும் இயந்திரத்தால் நிலத்தைச் சமன் செய்தபோதுதான், இங்கே சாம்பலுக்கு அடியில் வீடுகள் இருப்பது வெளியே தெரிந்தது. கி.பி. 600ஐ ஒட்டிய காலத்தில், ஒரு கி.மீ. தூரம்கூட இல்லாத லோமா கல்தேரா என்ற எரிமலைத் துளை வெடித்தது. சில மீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காகச் சாம்பல் கிராமத்தை மூடியது. 1993இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பிரமாண்டமான பிரமிடுகளைக் கட்டிய மாயா மன்னர்களைப் பற்றி நிறையப் படித்திருப்போம். அந்தக் காலத்துச் சாதாரண விவசாயி எப்படி வாழ்ந்தார் என்று காட்டும் இடம் இது. மண் சுவர் வீடுகள், தானியம் வைக்கும் அறை, நீராவிக் குளியல் அறை, மரவள்ளி போட்ட வயல் எல்லாம் கிடைத்திருக்கின்றன. பானைகளில் உணவு இருந்தது. கயிற்றில் கட்டிய வாத்து ஒன்று அப்படியே இறந்துகிடந்தது. சாப்பிட்டு முடித்த பாத்திரங்கள் கழுவப்படவில்லை. படுக்கும் பாய்கள் இன்னும் விரிக்கப்படவில்லை. அதை வைத்துத்தான், வெடிப்பு நடந்தது முன்னிரவு நேரமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இதுவரை தோண்டிய பகுதியில் வெடிப்பில் சிக்கி இறந்த ஒரு மனிதரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நில அதிர்வோ, துளையில் இருந்து நீராவி சீறிய சத்தமோ அவர்களை எச்சரித்திருக்க வேண்டும். கையில் எதையும் எடுக்க நேரமில்லாமல் ஓடியிருக்கிறார்கள்.

வயலில் மக்காச்சோளத் தட்டைகள் பாதியில் மடித்துவிடப்பட்டிருந்த தடயமும் கிடைத்தது. கதிரைச் செடியிலேயே காயவைக்கும் முறை அது. எல் சால்வடோர் விவசாயிகள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பக்கத்திலேயே சான் அந்த்ரேஸ்

செரேனில் இருந்து சில நிமிடப் பயணத்தில் சான் அந்த்ரேஸ் வரும். இங்கே இருப்பது மாயா காலத்துக் கோயில் மேடுகள். கி.பி. 431ஐ ஒட்டி, நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் இலோபாங்கோ எரிமலை பயங்கரமாக வெடித்து, இந்தப் பகுதி முழுக்க வெள்ளைச் சாம்பலைக் கொட்டியது. தப்பியவர்கள், திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சாம்பலையே கட்டிகளாக வெட்டி, ‘லா கம்பானா’ என்ற பிரமிடைக் கட்டினார்கள்.

அதே வளாகத்தில் ஸ்பானியர் காலத்து அவுரிச் சாயப் பட்டறை ஒன்றும் இருக்கிறது. அதைப் புதைத்தது, மேலே சொன்ன 1658 வெடிப்பு!

வெடித்த இடமே ஏரியானது: இலோபாங்கோ

அந்தப் பெரிய வெடிப்பு விட்டுப்போன பள்ளம்தான் இன்று சுமார் 72 சதுர கி.மீ. பரப்புள்ள இலோபாங்கோ ஏரி. வார இறுதியில் படகில் சுற்றலாம். ஏரி நடுவே தெரியும் பாறைத் திட்டுகள் 1879-80இல் நடந்த கடைசி வெடிப்பில் உருவானவை.

திரும்பும் வழியில், சாலையோரம் வெட்டுப்பட்ட மண்ணைக் கவனியுங்கள். வெளுத்த நிறத்தில் இருக்கும். தலைநகரின் பெரும் பகுதி நிற்பது இந்தச் சாம்பல் மண்ணின் மேல்தான். பெருமழையில் எளிதாகக் கரையும், நிலநடுக்கத்தில் சட்டென்று சரியும். இந்த மண்ணில் மழை அறுத்த ஓடைகளின் விளிம்பில்தான் ஏழைக் குடும்பங்கள் பலவும் வீடு கட்டியிருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலமும் அவர்களுக்குச் சோதனைதான்.

உச்சியில் பச்சை ஏரி: சாந்தா அனா

மலையேறும் ஆசை இருந்தால் ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்குங்கள். சாந்தா அனா எரிமலையின் உயரம் 2,381 மீட்டர். ஏறுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். உச்சியில் கந்தக வாடையோடு பச்சை நிற ஏரி ஒன்று ஆவி பறக்கக் கிடக்கும். 2005 அக்டோபரில் இது வெடித்தபோது இருவர் உயிரிழந்தனர். அதனால் வழிகாட்டியோடு, குழுவாக மட்டும்தான் போக வேண்டும்.

பக்கத்தில் கறுப்பாக நிற்கும் கூம்பு இசால்கோ. 1770இல் தோன்றி, 1958 வரை கிட்டத்தட்ட ஓயாமல் கக்கிக்கொண்டிருந்தது. இரவில் கடலில் இருந்து பார்த்தாலே அதன் வெளிச்சம் தெரியும் என்பதால் மாலுமிகள் அதை ‘பசிபிக்கின் கலங்கரை விளக்கம்’ என்றார்கள். அந்தக் காட்சியைக் காட்டுவதற்காகவே எதிர் மலையில் ஓர் ஓட்டல் கட்டினார்கள். ஓட்டல் தயாரான நேரம் பார்த்து எரிமலை அணைந்துவிட்டது!

கிளம்பும் முன் கவனிக்க…

* நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையில்லாத காலம். மலையேற ஏற்ற நேரம் இதுதான்.
* செரேனையும் சான் அந்த்ரேஸையும் ஒரே நாளில் முடிக்கலாம். பொகெரோனுக்கு அரை நாள் போதும். தொல்லியல் இடங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.
* 2001 முதல் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது. சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.
* தெருவுக்குத் தெரு ‘புபூசா’ கிடைக்கும். மக்காச்சோள மாவுக்குள் பீன்ஸ், சீஸ் வைத்துத் தட்டிச் சுடும் ரொட்டி இது. சைவம் சாப்பிடுபவர்கள், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்கவும்.
* கும்பல்களை ஒடுக்க 2022 மார்ச்சில் அவசரநிலை கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு கொலைகள் வெகுவாகக் குறைந்தன. பயணிகளும் முன்பைவிட நிம்மதியாகச் சுற்ற முடிகிறது. அதே நேரம், குற்றம் செய்யாதவர்களும் கைதாகிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டுகின்றன. பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். விசா விதிகளைத் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எரிமலையின் நிலவரத்தைப் பொறுத்து, மலைப்பாதையைத் திடீரென்று மூடுவதும் உண்டு. ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ என்று அடம்பிடிக்க வேண்டாம். வழிகாட்டி திரும்பச் சொன்னால் உடனே திரும்பிவிடுங்கள். சாப்பிட்ட பாத்திரத்தைக்கூட அப்படியே போட்டுவிட்டு ஓடியதால்தான் செரேன் மக்கள் பிழைத்தார்கள்.