கொல்லையில் ஒரு கிளைக்கடை



கிளைக்கடை திறக்கக் காலம் பார்ப்பதுபோல் தேனீப் பெட்டி பிரிக்கவும் காலம் பார்க்க வேண்டும். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு பெட்டிகள் இருந்தன. ரப்பர் மரம் துளிர்த்து இலைக்காம்பில் தேன் சுரக்கும் மாசியில், ஆசைப்பட்டு நான்கையும் எட்டாக்கினோம். அந்த வருஷம் ஒரு குப்பித் தேன்கூடக் கிடைக்கவில்லை.

கணக்கு எளிது. முட்டை தேனீயாக ஏறக்குறைய 20 நாள். அது வெளியே பறந்து தேன் சேர்க்க மேலும் இரண்டு மூன்று வாரம். புது ராணி வெளிவந்து முட்டையிடத் தொடங்கும் நாட்கள் தனி. நம் சரக்கு வந்து சேருமுன் சந்தை கலைந்துவிடும்.

இப்போது ஐப்பசி, கார்த்திகையிலேயே பிரிக்கிறோம். தேனீயும் புழு அடையும் நிறைந்த பெட்டியை மட்டும், மூடிய ராணி அறையுள்ள அடையோடு பிரிக்கிறோம். 1991-92இல் சாக்புரூட் நோய் குமரி மாவட்டத்துத் தேனீக் கூடுகளைப் பெருமளவில் அழித்ததை மறக்கவில்லை. புழு செத்துக் கிடக்கும் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. மழைக்காலச் சீனிப்பாகுச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

போன மாசியில் ஆறு பெட்டி, ஆறிலும் தேன். தீபாவளிச் சரக்கை ஆடியிலேயே பிடிப்பவர்கள் நாம். இது நமக்குப் புதிதல்ல.