கோயம்பேடு தொற்றுத் தொடரும் கடலூர் மாவட்டமும்

கோயம்பேடு தொற்றுத் தொடர் என்பது 2020 ஏப்ரல் இறுதியில் சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையில் வெளிப்பட்டு, அங்கு வேலை செய்தவர்கள் ஊர் திரும்பியபோது வட மாவட்டங்களுக்குப் பரவிய கொரோனா தொற்றைக் குறிக்கும். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்கள் இதில் அதிகம் பாதிக்கப்பட்டன.

அதுவரை கடலூர் மாவட்டத்தின் நிலைமை கட்டுக்குள் இருந்தது. ஏப்ரல் முடியும்வரை அங்கு உறுதியான தொற்றுகள் முப்பதைத் தாண்டவில்லை. மே 4 அன்று ஒரே நாளில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. அன்று மாநிலம் முழுவதும் பதிவானவை 527. சென்னைக்கு அடுத்த இடத்தில் கடலூர் இருந்தது. புதிய தொற்றாளர்களில் பெரும்பாலோர் கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் கூலி வேலை பார்த்தவர்களும் ஆவர்.

சந்தை ஏன் மூடப்படவில்லை?

மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்பில் இருந்தது. ஆனால் காய்கறி அத்தியாவசியப் பொருள் என்பதால் கோயம்பேடு தொடர்ந்து இயங்கியது. லாரியில் இருந்து மூட்டை இறக்கும் இருவர் ஆறடி இடைவெளி விட்டு நிற்க முடியாது. சென்னையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், அதற்கு முந்தைய நாள் கடைகளிலும் சந்தைகளிலும் மக்கள் முண்டியடித்தனர். கூட்டத்தைத் தவிர்க்க வந்த அறிவிப்பே ஒரு நாள் பெருங்கூட்டத்தை உண்டாக்கிவிட்டது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, சில நாட்களில் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வேலை இழந்த தொழிலாளர்களில் பலர் அதற்கு முன்பே கிடைத்த வண்டிகளில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருந்தனர்.

இதே மாவட்டத்தின் சிதம்பரத்தில் நிலைமை வேறு. நடராசர் கோவிலின் ஆனித் திருமஞ்சன விழாவுக்குப் பெருங்கூட்டம் கூடுவது வழக்கம். அந்த ஆண்டு ஜூன் மாதம் வீதித் தேரோட்டம் இல்லாமல், பொதுமக்கள் இன்றி விழா நடந்தது. மனவருத்தம் இருந்தாலும் திருவிழாவை ஓர் உத்தரவால் நிறுத்த முடிந்தது. ஊர் சாப்பிட வேண்டிய காய்கறியை அப்படி நிறுத்த முடியாது. அதைச் சுமப்பவருக்கு வீட்டில் இருங்கள் என்ற அறிவுரை பெரிதாக உதவவில்லை.

தனிமைப்படுத்தல்

ஊர் திரும்பியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே மாவட்ட நிர்வாகத்தின் முதல் வேலையாக இருந்தது. அவர்கள் பள்ளி, கல்லூரி போன்ற பொதுக் கட்டடங்களில் தங்கவைக்கப்பட்டு, சளி மாதிரி எடுக்கப்பட்டது. இதற்குக் காரணம் நோயின் தன்மை. தீநுண்மி உடலில் நுழைந்த பின் அறிகுறி தோன்ற இரண்டு முதல் பதினான்கு நாட்கள் ஆகலாம். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குப் பரவத் தொடங்கும். சிலருக்கு அறிகுறியே வராது. ஆகவே காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கருவியை நீட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. தொற்றிய முதல் சில நாட்களில் ஆர்.டி.பி.சி.ஆர் சோதனையும் தொற்று இல்லை என்று காட்டக்கூடும். முடிவு நல்லபடி வந்தும் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான். அது எல்லா இடத்திலும் தெளிவாகச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுத் தனிமைக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் தேவை என்று வழிகாட்டுதல்கள் கூறின. ஓர் அறையில் ஐந்து பேர் உறங்கும் கூலித் தொழிலாளியின் வீட்டில் இரண்டும் கிடையாது. அத்தகையவருக்குப் பள்ளிக்கூட வகுப்பறையே நடைமுறைக்கு உகந்த தனி அறை. உணவு, கழிப்பறை, இழந்த கூலி ஆகியவற்றுக்கு வழி செய்யாமல் அடைத்து வைத்தால், அடுத்து ஊர் திரும்புபவர் தான் எங்கிருந்து வந்தார் என்பதையே மறைப்பார்.

சிகிச்சைக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முக்கிய இடமாக இருந்தது. அக்கல்லூரி 2021 சனவரியில் உயர்கல்வித் துறையிலிருந்து சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது.

மே நடுப்பகுதிக்குள் தமிழ்நாட்டில் கோயம்பேட்டுடன் தொடர்புடைய தொற்றுகள் இரண்டாயிரத்தைக் கடந்தன. பழைய இடத்தில் சந்தை அந்த ஆண்டு செப்டம்பரில் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது.