முதுமையை ஆராய எத்தனை துறை வேண்டும்?

ரேடியம் அணுவுக்கு முதுமை கிடையாது. ஆயிரம் ஆண்டு பழைய அணுவுக்கும் நேற்றுத் தோன்றிய அணுவுக்கும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. மனிதன் நிலை வேறு. லண்டனில் ஆயுள் காப்பீட்டுக் கணிதராக இருந்த பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ், வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பு பெருக்குத் தொடராக ஏறுகிறது என்று 1825-இல் கண்டார். சுமார் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது என்பது இன்றைய கணக்கு. 40 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையே ஐந்து இரட்டிப்புகள்; அதாவது 32 மடங்கு!

விதி கிடைத்தது. காரணம்? அதைக் கணிதம் சொல்லாது.

உயிரியலாரும் நெடுங்காலம் வழி தவறினர். நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல் 1912-இல் நியூயார்க்கில் தொடங்கிய கோழிச் செல் வளர்ப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆகவே செல்லுக்கு மூப்பில்லை என்றே நம்பினர். 1961-இல் லியோனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் சாதாரண மனிதச் செல்கள் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதைக் காட்டினர். காரெலின் முடிவை வேறெவராலும் மெய்ப்பிக்க முடியவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காக அரை நூற்றாண்டு வீணாயிற்று!

அப்படியானால் செல் பிரிவது நிற்பதுதான் முதுமையா? அதுவும் முழு விடை அன்று. பெரும்பாலும் பிரியாத நரம்புச் செல்லும் மூப்படைகிறதே! உணவு, வறுமை, தனிமை ஆகியவையும் முதுமையைப் பாதிக்கின்றன.

இதனால்தான் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுமையியலுக்கென 1975-இல் ஒரு தனிப் பள்ளி தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜேம்ஸ் பிரன் ஓர் உளவியலார். 1989-இல் அங்கு டாக்டர் பட்டப் படிப்பும் தொடங்கியது. உயிரியல், உளவியல், சமூகவியல், அரசுக் கொள்கை யாவும் அதில் இடம் பெறுகின்றன. பின்னர் நோவாட்டோ நகரிலுள்ள பக் ஆய்வு நிலையத்துடன் சேர்ந்து முதுமை உயிரியலுக்கும் தனிப் பட்டம் ஏற்படுத்தினர். இதில் மாணவர் எடுத்தவுடன் ஒரே ஆய்வுக்கூடத்தில் அமர்ந்துவிடுவதில்லை. சில வாரங்கள் ஓரிடம், பிறகு வேறிடம் என்று பழகியபின்பே தம் ஆசிரியரைத் தேர்ந்துகொள்கிறார்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒரு துறையில் ஆழம் வேண்டும். மற்றத் துறையாரின் கேள்வி விளங்கும் அளவுக்குப் பழக்கம் வேண்டும். நம் இயற்பியல் மாணவர்கள் உயிரியல் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். கோம்பெர்ட்ஸின் வளைகோட்டைக் கரும்பலகையில் வரைந்தால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

காலமும் ஒரு தடை. டாக்டர் பட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். மனிதன் மூப்படைய எண்பது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒருவகை உருளைப்புழுவை வளர்க்கிறார்கள். அதன் ஆயுள் இரண்டு மூன்று வாரங்களே. பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒரு பருவத் தேர்வுக்குள் பலமுறை பார்த்துவிடலாம். ஆனால் புழுவுக்குப் பென்ஷன் இல்லை, பேரப்பிள்ளை இல்லை. மனிதரைப் பற்றி அறிய, அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் பெயரால் 1958-இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் நீண்டகால ஆய்வு போன்றவற்றையே நாட வேண்டும். அதன் பதிவேட்டைத் திறக்கும் மாணவர், தாம் பிறக்குமுன் யாரோ எடுத்துவைத்த அளவுகளுக்கு முதலில் பொருள் காண வேண்டியிருக்கிறது.