தில்லைத் திருவாதிரையும் கணினி நாட்காட்டியும்

சிதம்பரம் நடராசப் பெருமானுக்கு ஆண்டில் ஆறு நாட்களில் நடைபெறும் மகாபிஷேகங்களுள் சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்றும் நட்சத்திரத்தாலும், ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசிகள் திதியாலும் குறிக்கப்படுகின்றன. கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரையிலும், ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் எழுந்தருளும் கிள்ளையிலும் தீர்த்தவாரி நிகழும் மாசி மகமும் இத்தகையதே. இவற்றுள் ஒரு நாளைக்கூட இணையதளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி தானாக அறியாது. அம்மொழிக்குக் காலம் என்பது, உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணப்படும் மில்லிநொடிகளே. அவ்வெண்ணை நாளாகவும் மாதமாகவும் ஆண்டாகவும் பிரித்துக் காட்டும் வேலையை, ஆயத்த நிரல்களின் தொகுப்பான நிரல் நூலகங்கள் எளிதாக்குகின்றன.

அவற்றுள் டே.ஜேஎஸ் என்பது வேண்டுமென்றே சிறிதாக வைக்கப்பட்டு, கூடுதல் திறன்கள் செருகுநிரல்களாக வந்து சேரும்படி அமைந்தது. செருகுநிரல் என்பது ஒரு தனி நிரல்துண்டு. 'எக்ஸ்டெண்ட்' என்னும் கட்டளையால் அது அழைக்கப்படும்போது, நாட்களைக் குறிக்கும் பொருள்கள் அனைத்துக்கும் வார்ப்பாக இருக்கும் வகுப்பையே நூலகம் அதனிடம் ஒப்படைக்க, அது அவ்வார்ப்பில் புதிய செயல்களைச் சேர்க்கிறது. அல்லது பழைய செயலைக் காத்து வைத்துக்கொண்டு, அதன்மேல் புதியதொன்றைப் போர்த்துகிறது. தாய்லாந்தில் வழங்கும் பௌத்த ஆண்டுக்கான செருகுநிரல் இவ்வாறே ஆண்டெண்ணுடன் 543 கூட்டிவிட்டு, எஞ்சியவற்றைப் பழைய செயலிடமே விட்டுவிடுகிறது.

திருவள்ளுவர் ஆண்டுக்கும் 31 கூட்டினால் போதும் என்று தோன்றலாம். ஆனால் அவ்வாண்டு தை முதல் நாளில் பிறப்பதால், ஜனவரியின் முற்பகுதியில் 30 மட்டுமே கூட்ட வேண்டும். தை எப்போது பிறக்கிறது என்பதை அறியச் சூரியன் மகர ராசியில் புகும் கணம் வேண்டும். அக்கணம் சூரியன் மறைவதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின் நிகழ்ந்தால் மறுநாள் என்பது தமிழ் வழக்கு. சூரியன் மறையும் நேரமோ ஊருக்கு ஊர் மாறுவது. கோயம்புத்தூரைவிடச் சிதம்பரத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் முன்னதாகவே பொழுது சாய்கிறது. ஆகவே தமிழ் நாட்காட்டிச் செருகுநிரல் ஊரின் பெயரைக் கேட்காமல் விடை சொல்வது பிழையாகும்.

கணிப்பு முறையையும் அது கேட்டாக வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம் ஓர் ஆண்டை 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை எனக் கொண்டு பழைய மாறிலிகளால் கணிக்க, திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைக் கையாளுகிறது. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வரும் சுற்று ஒன்பது முறை நிறைய ஏறத்தாழ 248 நாள் ஆவதால், நாள் ஒன்றுக்கு ஒரு வாக்கியம் வீதம், எழுத்துகளில் எண்களை மறைத்து 248 வாக்கியங்களாக முன்னோர் மனனம் செய்தனர். இன்று அவ்வாக்கியங்கள் அப்படியே 248 உறுப்புகள் கொண்ட எண்வரிசையாக நிரலில் அமரக்கூடியவை. நினைவாற்றலை நம்பி அமைந்த ஒரு கணிதம் இத்தனை எளிதாக நிரலாவது வியப்புக்குரியது.

சந்திரன் நட்சத்திர மண்டலத்தின் 66 பாகை 40 கலையிலிருந்து 80 பாகை வரை நிற்கும் காலமே திருவாதிரை என்பதால், மார்கழியில் அது வரும் நாளை நிரல் கண்டுவிடும். ஆனால் சந்திரன் ஒரு சுற்றை 27 நாட்களுக்குச் சற்று மேலாக முடிப்பதால், 31 அல்லது 32 நாள் நீளும் ஆனியில் உத்திரம் இருமுறையும் வரக்கூடும். அப்போது எதைக் கொள்வது என்பது கோயில் வழக்கைச் சார்ந்தது. அத்தகைய ஆண்டில் இரு நாட்களையும் காட்டி, கோயில் அறிவிக்கும் நாளை எழுதிச் சேர்க்க ஓர் இடத்தைத் திறந்து வைத்திருப்பதே செருகுநிரலுக்கு உரிய முறை.