காற்றில் கலந்த விஷத்தை அளக்கும் நுரைப்பஞ்சும் ரப்பர்ச் சவ்வும்

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து முழுவதும் பயிரின்மீதே தங்கிவிடுவதில்லை. தெளிக்கும்போதே ஒரு பகுதி நுண்ணிய திவலைகளாகக் காற்றில் அடித்துச் செல்லப்படுகிறது. இலையிலும் மண்ணிலும் படிந்ததில் ஒரு பகுதி, பின்னர் வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. இதைக் கண்ணால் காண இயலாது. மூக்கையும் நம்புவதற்கில்லை; வாசனை சிறிதுமின்றியே தீங்கு செய்யும் மருந்துகளும் உண்டு. ஆகையால், வயலில் வேலை செய்வோரும் அருகே குடியிருப்போரும் எவ்வளவு விஷத்தைச் சுவாசிக்கிறார்கள் என்பதை அறிய ஓர் அளவுகருவி அவசியமாகிறது.

பம்பு வைத்துக் காற்றை இழுத்து, வடிதாள் வழியாகவும் நுரைப்பஞ்சு வழியாகவும் செலுத்திச் சோதிப்பது பழைய முறை. இதற்கு மின்சாரமும் கவனிக்க ஆளும் வேண்டும். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 2002-ம் வருஷத்தில் வெளியிட்ட முறைக்கு இவ்விரண்டும் தேவையில்லை. மெத்தைகளில் வைக்கும் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சை, சுமார் 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக வெட்டி, எதிரெதிரே கவிழ்த்த இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களுக்கு நடுவே பொருத்தித் தொங்கவிடுகிறார்கள். கிண்ணங்கள் மழையையும் வெயிலையும் தடுக்கும். காற்று இடைவெளியின் வழியே தானாக உட்புகும்.

பெருங்காயம் இருந்த பாண்டம் வெறுமையான பின்னும் மணப்பதை யாவரும் அறிவர். அதுபோலவே, மெதுவாக ஆவியாகும் மருந்துகள் நுரைப்பஞ்சில் சிறிது சிறிதாக ஊறித் தங்குகின்றன. மூன்று மாதம் கழித்து ஆராய்ச்சிசாலையில் அதைத் தக்க திரவத்தில் ஊறவைத்து விஷத்தைப் பிரித்தெடுத்து அளவிடுகிறார்கள். இத்தகைய பஞ்சு நாளொன்றுக்குச் சுமார் 4 கன மீட்டர் காற்றிலுள்ள மருந்தை ஏற்கும் என்று கொள்வோம். 90 நாளில் அது 360 கன மீட்டராகும். பஞ்சில் 720 நானோகிராம் மருந்து இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சராசரி 2 நானோகிராம் இருந்ததென்பது கணக்கு. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இம்முறையில் 2004-ம் வருஷ இறுதியிலிருந்து உலகின் பல பாகங்களிலும் காற்று சோதிக்கப்பட்டது. எண்டோசல்பான் என்னும் மருந்து, அதைத் தெளித்த வயல்களுக்கு வெகு தொலைவிலும் காணப்பட்டது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் 2011-ம் வருஷம் அதை விலக்கவேண்டிய பொருள்களில் சேர்த்தன. அவ்வருஷமே இந்திய உச்ச நீதிமன்றமும் அதைத் தடைசெய்தது.

ஓர் ஊரின் காற்றை நுரைப்பஞ்சு காட்டும். ஓர் ஆளின் நிலையைக் காட்டுவது சிலிக்கோன் ரப்பர். இதை மெல்லிய சவ்வாகத் தொங்கவிடலாம். பட்டையாகக் கையிலும் அணியலாம். சவ்வு மெல்லியதாயின் விரைவில் நிறைவடையும். கனமானது அதிக நாள் ஏற்கும். அமெரிக்காவின் ஆரிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தார் 2014-ம் வருஷம் கைப்பட்டை முறையை வெளியிட்டனர். பின்னர் செனகால் நாட்டில் 35 விவசாயிகள் இப்பட்டைகளை ஐந்து நாள் வரை அணிந்தனர். 2016-ல் வெளியான முடிவின்படி, ஒவ்வொருவரிடமும் 2 முதல் 10 வகை மருந்துகள் காணப்பட்டன. ஆளுக்கு ஆள் கணக்கு வேறுபட்டது. காற்றில் வந்ததோடு தோலில் பட்டதையும் பட்டை ஏற்பதால், மருந்து கலப்பவர், தெளிப்பவர், களை எடுப்பவர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதிக்க இது ஏற்றது.

இச்சாதனங்களின் எல்லையையும் அறிதல் வேண்டும். இவை காட்டுவது சராசரியே. ஒரு நாள் காலையில் மட்டும் ஏறி இறங்கிய விஷத்தைத் தனியே காட்டா. உடனே எச்சரிக்கவும் மாட்டா. தானியக் கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து எழும் பாஸ்பீன் வாயுவை நுரைப்பஞ்சு பிடித்து வைக்காது. அங்கே இதை நம்பி நுழைவது உயிருக்கு அபாயம்.

தங்கள் கிராமத்தில் இச்சாதனம் தொங்கவிடப்பட்டால் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டியவை:

1. மருந்துக் கிடங்கு, அடுப்புப் புகை இவற்றுக்கு அருகிலன்றித் திறந்த வெளியில் தொங்கவிடச் செய்க.

2. பஞ்சை வெறுங்கையால் தொடாமலும் யாரும் திறந்து பாராமலும் காக்க.

3. தொங்கவிட்ட தேதியையும் எடுத்த தேதியையும் தவறாது குறிக்க. நாள் கணக்குப் பிசகினால் சராசரியும் பிசகும்.

4. சுற்றுவட்டாரத்தில் தெளித்த மருந்தின் பெயர், தேதி, காற்று வீசிய திசை ஆகியவற்றை எழுதி வைக்க.

சாதனம் தொங்கும் மாதங்களில் மட்டும் மருந்தைக் குறைத்துத் தெளிப்பதில் பிரயோஜனமில்லை. அவ்வாறு பெற்ற சிறிய எண், அடுத்த போகத்தில் தெளிப்பானைச் சுமக்கும் கூலியாளின் உடம்பைக் காக்காது. வழக்கம்போல் தெளித்து, உள்ளபடி எழுதி வைத்தால்தான், எந்த மருந்தைக் குறைப்பது, எதை விடுப்பது என்று தீர்மானிக்க இயலும்.