பாகு முத்தவில்லை

கல்யாணமாகி அரியலூருக்கு வந்த முதல் கார்த்திகையில் நான் பிடித்த பொரி உருண்டை உருண்டையாக நிற்கவில்லை. பிடித்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே அடி பரந்து, வறட்டி தட்டினாற்போல் தாம்பாளத்தில் உட்கார்ந்துகொண்டது. மாமியார் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்த இடத்திலிருந்து வெல்லம் நூலாக இழுத்தது. "பாகு முத்தல. இதை எப்படிம்மா சாமிக்கு வைக்கிறது?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலாம்.

எனக்குக் கல்யாணமானபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் தனியாகப் போனது, 2007 நவம்பரில் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. கோடு போடுவதற்கு முன்னாலேயே இரண்டு ஊர்களுக்கும் அடுப்படியில் வித்தியாசம் உண்டு. நான் பிறந்தது பெரம்பலூருக்கு மேற்கே, மானம் பார்த்த கரிசல் பூமியில். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். பொரி என்பது எங்களுக்குச் சந்தையில் வாங்கும் பொருள். புகுந்த வீட்டுக்கோ கொள்ளிடக் கரையில், திருமானூர்ப் பக்கம் கொஞ்சம் நஞ்சை இருந்தது. ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய லிங்கத்தை மூட்டை மூட்டையாகச் சோறு வடித்து மூடுவார்கள். அந்த அன்னாபிஷேகம் முடிந்தால் அடுத்த பௌர்ணமி கார்த்திகை தீபம், பொரி. சோறு ஒரு மாதம், பொரி ஒரு மாதம் என்று அத்தை கணக்குச் சொல்வார்.

கார்த்திகைக்கு எந்தப் பொரியும் ஆகாது. நெல் பொரியும் அவல் பொரியும்தான். பட்டாணிக் கடையில் படி போட்டு அளப்பது அரிசிப் பொரி. அது ஆயுத பூசைக்குப் பொட்டுக்கடலையோடு கலந்து வைத்து, மறுநாள் நமுத்துப்போவது. நெல் பொரி வேறு சாதி. புழுக்காத நெல்லைச் சூடான மணலில் போட்டால் உமிக்குள்ளேயே நீராவி முட்டி, உமியைப் பிளந்துகொண்டு மல்லிகைப் பூவாக வெடிக்கும். கல்யாணத்தில் பெண்ணின் கையில் அண்ணனோ தம்பியோ அள்ளிப் போடுவது இந்தப் பொரியைத்தான். பாகு வைப்பதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் உமியைப் பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு அரை நாள் போகும், ஊர்க்கதையும் பாதி முடியும்.

அரிசிப் பொரிக்கு உமி கிடையாது. ஆகவே வேறு வழி. நெல்லைப் புழுக்கி, காயவைத்து, அரைத்து, அந்த அரிசியில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறிச் சூடு காட்டுவார்கள். புழுக்கும்போது மாவுச்சத்து வெந்து இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு கொதிமணலில் கொட்டினால் உள்ளே மிச்சமிருக்கும் துளி ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி, இளகிய மாவை ஊதிவிடுகிறது. சட்டியில் வெறுமனே வறுத்தால் அரிசி ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் அப்படியே கிடக்கும். மணலில் போட்டால்தான் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் சூடு ஏறும். இங்கே மணலில் தலைமுறை தலைமுறையாகச் செய்ததை, அலெக்சாண்டர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைத்த குழாயில் அரிசியைச் சூடாக்கித் திடீரென்று திறந்து செய்து பார்த்தார். 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பீரங்கி மாதிரி வைத்துச் சுட்டு, கூட்டத்துக்குப் பொரி காட்டினார்கள். பீரங்கி வைத்துப் பொரி! எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டையில்கூட இப்படி ஒரு காட்சி நடந்திருக்காது.

அமெரிக்காவை நான் இழுக்கக் காரணம் என் பேத்தி. மகள் குடும்பத்தோடு டல்லாஸில் இருக்கிறாள். டிசம்பரில் தீபம் வந்த ஒரு வருஷம், பள்ளிக்கு ஒரு வாரம் முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தாள். பேத்தியின் பையில் ஒரு பாக்கெட், வெள்ளை வெள்ளையாக, பஞ்சுத் துண்டு மாதிரி. மார்ஷ்மெல்லோ. கூடவே ஒரு கட்டளை: "அம்மாயி, எங்க ஸ்கூல்ல பண்ணுவாங்களே, பொரி ஸ்கொயர், அதைப் பண்ணலாம். கடிச்சா இழுக்கணும்."

அதன் கதையைப் பிறகு மகள் சொன்னாள். 1928-இல் கெல்லாக்ஸ் கம்பெனி பாலில் போட்டால் சடசடக்கும் அரிசிப் பொரியை விற்க ஆரம்பித்தது. 1939-இல் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் க்ரீக் ஊரில், அந்தக் கம்பெனியின் சமையல் பிரிவில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே என்ற பெண், கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமியர் அமைப்பு விற்று நிதி திரட்டுவதற்காக ஒரு பலகாரம் செய்து கொடுத்தார். வெண்ணெயை உருக்கி, மார்ஷ்மெல்லோவை அதில் இளக்கி, பொரியைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பித் துண்டு போடுவது. அவ்வளவுதான். இப்போது சொல்லும் அளவு: பொரி ஆறு கப், வெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, மார்ஷ்மெல்லோ சுமார் 280 கிராம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தை மகள் படித்தபோதுதான் சிக்கல். ஜெலட்டின். மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. எங்கள் வீட்டில் கார்த்திகை மாதம் முழுக்கக் கவுச்சி ஏறாது. பன்றித் தோலைக் காய்ச்சித் தீபத்தன்று பொரியில் ஊற்றினால் அத்தை என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். பாக்கெட் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. பேத்தியின் முகம் தொங்கிப்போனது.

ஆனால் மார்ஷ்மெல்லோ தொடக்கத்தில் கவுச்சி இல்லையாம். சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் கொழகொழப்பைச் சர்க்கரையோடு அடித்துச் செய்ததுதான் அது. செடியின் பெயர்தான் மிட்டாய்க்கு ஒட்டிக்கொண்டது. வேர் பின்னால் விலகிப்போய், அதன் இடத்துக்கு ஜெலட்டின் வந்தது. அந்தச் செடி வெண்டை, செம்பருத்தி, துத்தி, பருத்தி எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பம். வெண்டைக்காய் நறுக்கிய கைக்கு அந்தக் கொழகொழப்பு தெரியும். எங்கள் அப்பா கரிசலில் போட்ட பருத்திக்குப் பேத்தியின் மிட்டாய் தூரத்துச் சொந்தம் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, இழுவை எங்கிருந்து வருகிறது? மார்ஷ்மெல்லோவில் சர்க்கரைப் பாகு, அது பூத்துப்போகாமல் தடுக்கும் சோளச் சிரப், பசை, அடித்து ஏற்றிய காற்று. நான்கில் இரண்டு வெல்லத்திலேயே இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை மட்டும் பாகு காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி மணல் மணலாகக் கட்டும். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் கலந்தே இருப்பதால் அத்தனை சுலபமாகப் பூக்காது, பிசுபிசுப்பாகவே நிற்கும். மீதி எல்லாம் பாகில் எவ்வளவு தண்ணீர் விட்டுவைக்கிறோம் என்பதில்தான். பாகு சுமார் 115 டிகிரியில் கொதிக்கும்போது நூற்றில் 15 பங்கு தண்ணீர் மிச்சமிருக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் மெத்தென்று திரளும், தூக்கினால் தொங்கும். 125-ஐத் தொடும்போது தண்ணீர் 8 பங்குதான். அப்போது உருட்டிய மணியைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அத்தை பொரியைக் கொட்டச் சொல்வார். இன்னும் ஏற்றி 150 வரை போனால் முறியும் பதம். 115-க்கும் 125-க்கும் இடையில் இருப்பது நல்ல அடுப்பில் இரண்டு மூன்று நிமிஷம், அவ்வளவே. அந்த முதல் கார்த்திகையில் நான் தவறவிட்டதும் அதே இரண்டு நிமிஷம்தான்.

பேத்தி கேட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கெட்டுப்போன உருண்டையைத்தான் அவள் கேட்கிறாள்.

சாமிக்கு முறைப்படி நெல் பொரியில் முத்தின பாகு போட்டுப் பிடித்து வைத்தேன். மறுநாள், கோயில் வாசலில் சொக்கப்பனை எரிந்த சாம்பல் இன்னும் தெருவில் பறந்துகொண்டிருக்கும்போதே, பேத்தியின் பலகாரத்தில் இறங்கினோம். ஐந்து டம்ளர் அரிசிப் பொரி. மழைக்காலத்துப் பொரி நமுத்துத்தான் இருக்கும், அதனால் முதலில் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டி மொறுமொறுப்பாக்கிக்கொண்டேன். நமுத்த பொரி பாகைக் குடித்துக் களியாகிவிடும். ஒரு டம்ளர் பொடித்த வெல்லம், வெளுப்பாக இல்லாமல் கறுத்ததாகப் பார்த்து எடுத்தது. கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். என்ன நல்ல வெல்லமாக இருந்தாலும் மண்ணும் சக்கைத் துணுக்கும் இருக்கும். வடிகட்டினதை அடுப்பில் ஏற்றி, கிண்ணத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் வேலையைப் பேத்தியிடம் கொடுத்தேன். "இப்ப ஜெல்லி மாதிரி இருக்கு அம்மாயி," என்றாள். அதுதான். இரண்டு கரண்டி வெண்ணெய், ஏலக்காய், சுக்குப்பொடி. காற்றுக்கு என்ன செய்வது? ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வெல்லத்தில் இருக்கும் லேசான புளிப்போடு சேர்ந்து பாகு புஸ்ஸென்று நுரைத்து வெளிறியது. பிள்ளை கைதட்டினாள். சிட்டிகைக்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும், அது என் இரண்டாவது ஈட்டில் தெரிந்தது.

உடனே அடுப்பை அணைத்துவிட்டுப் பொரியைக் கொட்டிக் கிளறினோம். ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் முந்திரி கொஞ்சம் உடைத்து வைத்திருந்தேன், அதுவும் போனது. உப்பு வேண்டாம், பொரியிலேயே இருக்கிறது. இந்தப் பதத்தில் உருண்டை பிடிக்கப் பார்க்கக்கூடாது. அது நிற்காது, எனக்குத் தெரியும். நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி லேசாகப் பரப்பினோம். பேத்தி ஒரு விஷயம் சொன்னாள்: அழுத்தக்கூடாதாம், அழுத்தினால் கல்லாகுமாம். அவள் சொன்னது சரி. நாங்கள் உருண்டைக்கு உள்ளங்கை சிவக்க அழுத்துவோம், இதற்குத் தட்டிக்கொடுத்தாலே போதும். ஆறியதும் கத்தியில் நெய் தொட்டுச் சதுரம் போட்டோம். ஒரு குறை உண்டு. முத்தின பாகு உருண்டை சம்படத்தில் பத்து நாள் கிடக்கும். இது மழை ஈரத்தை உறிஞ்சி மூன்றாம் நாளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாழை இலையை நடுவில் வைத்துப் பார்த்தேன், அதுவும் ஒட்டிக்கொண்டது.

அத்தைக்கு அப்போது எண்பத்தாறு. திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் பேத்தி தட்டை நீட்டினாள். ஒரு துண்டை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், கடித்தார், இழுத்தார். வெல்லத்தோடு மேல் பல்செட்டும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. பேத்தி பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினாள். அத்தை பதறவில்லை. பல்செட்டைப் பிரித்தெடுத்துப் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரில் போட்டார், கீழ் செட்டையும் கழற்றி அதே டம்ளரில் போட்டார். இன்னொரு துண்டை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாகு முத்தல," என்றார்.