உங்கள் கம்ப்யூட்டருக்கு எத்தனை குடம் தண்ணீர்?

கம்ப்யூட்டர் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைக்காதீர்கள் என்று புதிதாக வாங்கியவர்களிடம் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதே கம்ப்யூட்டர் ஓடவும் தண்ணீர் உதவுகிறது. எப்படி என்று பார்ப்போமா?

பரவையைத் தொட்டு ஓடும் வைகைக்கு வரும் நீரில் ஒரு பகுதி, மின்சாரம் தயாரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்பப்படுகிறது. தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையம் இந்த நீரில்தான் இயங்குகிறது.

மின்சாரம் பிறப்பது எப்படி?

மலை மேலிருந்து பென்ஸ்டாக் எனப்படும் நான்கு ராட்சதக் குழாய்களில் தண்ணீர் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் டர்பைன் சக்கரம் சுழல்கிறது. அதே தண்டில் இணைந்துள்ள ஜெனரேட்டரின் காந்தமும் சேர்ந்து சுழல்கிறது. காந்தம் சுழலும்போது, சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. சைக்கிள் டைனமோவின் தத்துவமும் இதுதான்.

சக்கரம் ஒரே சீரான வேகத்தில் சுற்ற வேண்டும். அப்போதுதான் மின்சாரம் விநாடிக்கு 50 முழுச் சுழற்சிகளாகத் திசை மாறி மாறி வரும். இதுவே 50 ஹெர்ட்ஸ். உங்கள் பிராசசரின் வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸில் இருப்பதும் இதே ஹெர்ட்ஸ்தான்.

பிறகு டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை உயர்த்தி மின் தொகுப்புக்கு அனுப்புகிறது. அனல், காற்று, சூரிய மின்சாரத்தோடு கலந்து, 230 வோல்ட்டாக வீட்டுக்கு வருகிறது. கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். அதை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்து மதர்போர்டுக்குத் தருகிறது.

ஒரு கணக்கு

1 லிட்டர் தண்ணீர் 1000 அடி இறங்கினால் சுமார் 3000 ஜூல் சக்தி கிடைக்கும். இழப்பு போக 2700 என்று வைத்துக்கொள்வோம். மானிட்டருடன் சேர்த்து 200 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு 7,20,000 ஜூல் தேவை. அதாவது சுமார் 267 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 18 குடம்! இரவு பத்து மணி நேரம் அணைக்காமல் விட்டால் 180 குடம்.

இந்தத் தண்ணீர் செலவாகிப் போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வயல்களுக்குப் பாய்ந்தது போக மீதி வைகை அணைக்குச் செல்கிறது. அங்கேயும் 6 மெகாவாட் திறனுள்ள சிறு மின் நிலையம் உண்டு. ஆனால் தண்ணீர் மிஞ்சினாலும் அது இறங்கி வந்த உயரம் திரும்பக் கிடைக்காது. அதே உயரத்தில் மறுபடி நீர் சேர, அடுத்த மழைதான் வர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மானிட்டர் எரிந்துகொண்டேதான் இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் பகுதிக்குச் சென்று, பத்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படியும், அரை மணியில் ஸ்லீப் ஆகும்படியும் அமையுங்கள். இரவில் ஷட்டவுன் செய்து, சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு 180 குடத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை!